மடியில் அசையாத முயல்

கூடையைக் கீழே வையுங்கள். மேசையின்மேல் வேண்டாம். அது சோதனை மேசை. இனிமேல் சோதனை நடக்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆயினும் மேசைக்கு உரிய மரியாதையை மேசைக்குக் கொடுக்க வேண்டும்.

கூடையில் என்ன? வெள்ளரிக்காயா? யார் சொன்னது? உங்கள் மகள் சொன்னாளா? மிகவும் நல்லது. ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஆணையிட்டிருக்கிறது. வங்கியில் உத்தியோகம் பார்க்கும் தகப்பனார் விடுப்பு எடுத்துக்கொண்டு, திண்டிவனம் சாலையில் இத்தனை தொலைவு பேருந்தில் குலுங்கி வந்து, என்னுடைய துரைசானியைக் கூடையில் போட்டுக்கொண்டு போகப்போகிறார். உலகம் இப்படித்தான் முன்னேறுகிறது.

உட்காருங்கள். டாக்டர் அம்மாள் கூட்டத்தில் இருக்கிறார். அவர் வந்து தலையசைக்கும்வரை முயல் இந்த வாசலைத் தாண்டக் கூடாதாம். அதுவரை நான் பேசுவதை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்த முயல் வீட்டில் கேட்பதற்கு வேறு யாரும் மிச்சமில்லை. மற்ற முயல்களெல்லாம் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. ஆசிரியர் வீட்டுக்கு ஒன்று, பல் வைத்தியர் வீட்டுக்கு ஒன்று என்று சீர்வரிசை போல அனுப்பிவைத்தார்கள். துரைசானி ஒருத்திதான் பாக்கி. அவளை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். இந்த ஆளவந்தார் வாய்திறந்து கேட்ட ஒரே பொருள் அது. கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைக் கேட்டால் நீங்களே வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவீர்கள்.

நான் பேசுகிற தமிழைக் கேட்டு உதட்டைக் கடிக்கிறீர்கள். கேன்டீனிலும் இப்படித்தான் கடிப்பார்கள். "ஐயா புக்கு மாதிரியே பேசுறாரு" என்பார்கள். பேசினால் என்ன? நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்குமேல் கற்றதெல்லாம் நூலகத்தில் நானாகக் கற்றது. அச்சில் வரும் தமிழ் ஒன்று, வாயில் வரும் தமிழ் ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ள நான் வியாபாரி அல்லன்.

இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. முயலைக் கொடுமைப்படுத்தினார்கள், இப்போது விடுதலை செய்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கேளுங்கள். எங்கள் கம்பெனி குளுக்கோஸ் பாட்டில் தயாரிக்கிறது. மருத்துவமனையில் கம்பியில் தொங்குமே, அது. அந்த நீரிலிருக்கும் கிருமியைக் கொதிக்கவைத்துக் கொன்றுவிடலாம். ஆனால் செத்த கிருமி விட்டுப்போகும் கசடு கொதித்தாலும் போகாது. கண்ணுக்கும் தெரியாது. அது கலந்த பாட்டிலை ஏற்றினால் நோயாளிக்குக் கட்டில் கிடுகிடுக்கக் குளிர்நடுக்கம் வரும், காய்ச்சல் வரும், பலவீனமான உடம்பென்றால் உயிரும் போகும். என் மைத்துனர் அப்படி நடுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். எந்த ஊர்ப் பாட்டிலோ. இரண்டு ஆள் காலைப் பிடித்தும் கட்டில் நகர்ந்தது.

ஆகவே, ஒவ்வொரு தயாரிப்பிலிருந்தும் கொஞ்சம் எடுத்து முயலின் காது நரம்பில் ஏற்றிப் பார்ப்பது முறை. பின்புறத்தில் வெப்பமானியை வைத்துவிட்டுக் காத்திருப்போம். முயலுக்குக் காய்ச்சல் வந்தால் சரக்கு குழிக்குப் போகும். வராவிட்டால் மருத்துவமனைக்குப் போகும். மனிதனுக்கு வரவேண்டிய காய்ச்சலை முயல் வாங்கிக்கொள்கிறது. இதிலே கொடுமை எங்கே இருக்கிறது? தியாகம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

சோதனை முடியும்வரை முயல் ஓடாமல் இருக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் அந்தக் கழுத்துப் பலகை. தலை இந்தப் பக்கம், உடம்பு அந்தப் பக்கம். மற்ற கம்பெனிகளில் முயலைக் கூண்டிலிருந்து இழுத்து நேரே பலகையில் மாட்டுவார்கள். அது உதைக்கும், துள்ளும், சில நேரம் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். நான் அப்படிச் செய்ததில்லை. முதலில் மடியில் வைத்துக்கொள்வேன். கையை முதுகின்மேல் வைப்பேன். அவ்வளவுதான், சிலைபோல் ஆகிவிடும். காது அசையாது, மூக்குக்கூட அசையாது. பிறகு பலகையில் வைத்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். அதிலும் துரைசானி! ஜமீன்தாரிணி சிம்மாசனத்தில் அமர்வதுபோல் அமர்வாள். ஊசி குத்தினாலும் இமைக்கமாட்டாள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகளே வியந்து, "என்ன ஐயா, பழக்கிவெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். "பழக்கம் இல்லை, பாசம்" என்றேன்.

அப்படி இருந்த இடத்துக்குத்தான் டாக்டர் ஜெசிந்தா வந்து சேர்ந்தார். மருத்துவ டாக்டர் அல்லர். ஆராய்ச்சி செய்து பெற்ற டாக்டர் பட்டம். நாகர்கோவில் பக்கம். வந்த அன்றே முயல் வீட்டுக்குள் நுழைந்து, துரைசானி என் மடியில் இருப்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பாராட்டப்போகிறார் என்று நானும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"ஐயா, அது அமைதியா இல்ல. பயத்துல உறைஞ்சு போயிருக்கு" என்றார்.

எப்படி இருக்கும் சொல்லுங்கள். வந்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை.

"அம்மா, இந்தப் பிராணிகளோடு நான் எத்தனை ஆண்டாக இருக்கிறேன் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

"கேட்டேன் ஐயா. அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன். நரி பிடிச்சா முயல் இப்படித்தான் இருக்கும். செத்த மாதிரி."

என்னை நரி என்கிறார்! முகத்துக்கு நேரே. சிரித்துக்கொண்டே. இந்தப் படித்தவர்களின் சிரிப்பு இருக்கிறதே, அது வெல்லத்தில் வைத்த ஊசி.

அவர் கொண்டுவந்த மாற்று முறை என்ன தெரியுமா? பணியாரச் சட்டிபோல் குழி குழியாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. அந்தக் குழிகளில் மனித இரத்தம். அதில் நம் பாட்டில் நீரைச் சொட்டுவிட வேண்டும். கசடு இருந்தால் இரத்த அணுக்கள் கண்டுகொள்ளுமாம். மறுநாள் மருந்து ஊற்றினால் அந்தக் குழி மஞ்சளாகுமாம். "மனுஷனுக்குக் காய்ச்சல் வருமான்னு முயலைக் கேக்குறதைவிட, மனுஷ ரத்தத்தையே கேக்கலாமே ஐயா" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒருவன்தான், "வாயில்லாத ஜீவன் பொய் சொல்லாது, மனித இரத்தம் சொல்லும்" என்றேன். யாரும் கைதட்டவில்லை. நல்ல வசனத்துக்கு இந்தக் காலத்தில் மதிப்பில்லை.

இரத்தத்துக்கு எங்கே போவது? கம்பெனி ஆட்களிடமே எடுத்தார்கள். விரும்புகிறவர்கள் மட்டும் கொடுக்கலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். "ஒரு குப்பி ரத்தம் குடுத்தா ஒரு முயலுக்கு லீவு" என்று அதற்குக் கீழே யாரோ வேடிக்கையாக எழுதிவைத்தான். நான் அந்தப் பக்கமே போகக் கூடாதென்று இருந்தேன். ஆனால் மேலாளர் சபாபதி விடவில்லை. "நீங்களே குடுக்கலைன்னா மத்தவன் எப்படி ஐயா குடுப்பான்?" என்று தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கம்பெனி நர்ஸ் புஷ்பவல்லி என் சட்டைக் கையை மடித்தாள். இரப்பர்க் குழாயைக் கட்டினாள். ஊசியை உறையிலிருந்து எடுத்தாள். எனக்கு ஊசியைக் கண்டால் பயம் என்று நினைக்காதீர்கள். அன்றாடம் ஊசி பிடித்த கை இது. ஆனால் அந்த நேரத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறேன், வாய் திறக்கவில்லை. எழுந்து போக நினைக்கிறேன். கால் என்னுடையதாக இல்லை. கண்ணை இமைக்கவும் முடியவில்லை. காதுக்குள் இதயம் உரலில் இடிப்பதுபோல் இடிக்கிறது. அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"பாருங்க, ஐயா எவ்வளவு சமத்தா உக்காந்திருக்காரு! நீங்கள்லாம் எப்படி நெளியுறீங்க!"

சமத்தாம்! குத்தினாள், எடுத்தாள், பஞ்சை வைத்தாள். முடிந்தபிறகுதான் எனக்குக் குரல் வந்தது. "நான் சம்மதம் சொல்லவே இல்லையே, அம்மா! யாரைக் கேட்டு எடுத்தாய்?" என்று கத்தினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க ஒண்ணும் சொல்லலையே ஐயா. மௌனம் சம்மதம்தானே?" என்றாள்.

மௌனம் சம்மதம்! இதைவிட அயோக்கியத்தனமான பழமொழி தமிழில் உண்டா? ஒருவன் அசையாமல் இருக்கிறான் என்றால் அவன் உள்ளே என்ன பாடு படுகிறான் என்று பார்க்க வேண்டாமா? முகத்தைப் பார்த்தால் தெரியாதா? அவளும் மனித ஜென்மம்தானே! அன்று முதல் புஷ்பவல்லியோடு எனக்குப் பேச்சு இல்லை. தலைவலிக்கு மாத்திரைகூட வெளியில்தான் வாங்கிக்கொள்கிறேன்.

என்ன, அப்படிப் பார்க்கிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா? குழாய் வெளியே இருக்கிறது. வேண்டாமா? சரி.

புது முறை வந்துவிட்டால் பழையதை மறுநாளே தூக்கி எறிய முடியாது. அரசாங்கத்துக்குச் சான்று காட்ட வேண்டும். ஒரே பாட்டில் நீரை இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும். முயலும் சொல்ல வேண்டும், தட்டும் சொல்ல வேண்டும். நடுவில் சபாபதி ஒரு தந்திரம் செய்தார். சில பாட்டில்களில் அவரே வேண்டுமென்று கசடைக் கலந்துவைத்தார். எதில் கலந்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் தெரியாது, ஜெசிந்தாவுக்கும் தெரியாது. நேர்மையான போட்டி என்று நானும் ஒத்துக்கொண்டேன். என் முயல்கள்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது.

போட்டி நடந்தது கத்திரி வெயிலில். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த அறைக்கு ஏசி உண்டு. சுவரில் இருக்கிறது, பாருங்கள். கத்திரியில் மின்சாரம் போய்ப் போய் வரும். ஜெனரேட்டர் ஓடினால் முதல் மரியாதை பாட்டில் நிரப்பும் இயந்திரத்துக்கு. முயலுக்கு மிஞ்சினால் உண்டு. தகரக் கூரை வேறு. பலகையில் மாட்டிய முயல்கள் வாயைத் திறந்து மூச்சிரைத்தன. முயல் வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது முடியாத கட்டம். அதற்கு வேர்வை கிடையாது. உடம்புச் சூடெல்லாம் காது வழியாகத்தான் வெளியே போக வேண்டும். நான் என்ன செய்வேன்? வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். ஊசி போட்ட காதை விட்டுவிட்டு மறு காதில் ஈரத்துணியைச் சுற்றினேன். முதுகில் நனைத்த சாக்கைப் போர்த்தினேன். காய்ந்துவிட்டால் மறுபடியும் நனைத்தேன். துரைசானி கண்ணை அரைவாசி மூடிக்கொண்டாள். அந்தச் சுகம் அவள் முகத்தில் தெரிந்தது. தாயும் செய்யமாட்டாள் அந்த உபசாரம்.

முடிவு வந்தது. என் முயல்களில் ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை. எல்லாப் பாட்டிலும் சுத்தம் என்று எழுதி, மார்பை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தேன். மறுநாள் தட்டைக் கொண்டுவந்தார்கள். சபாபதி எதிலெதில் கலந்தாரோ, அந்தக் குழிகளெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் நின்றன.

சபாபதி மூச்சு வாங்க இங்கே ஓடிவந்தார். ஜெசிந்தாவும் பின்னால் வந்தார். முதல்நாள் போர்த்திய சாக்கு அப்போதும் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, இந்தச் சாக்கு எதுக்கு?"

"பார்த்தால் தெரியவில்லையா? வெயிலில் மூச்சிரைக்கின்றன. சாகட்டும் என்று விடச் சொல்கிறீர்களா?"

"சோதனை நடக்கும்போதா போர்த்தினீங்க? உடம்புச் சூட்டைப் பாக்குற சோதனையில?"

"சோதனை நடக்கும்போதுதானே அவற்றுக்கு வெயில் அடிக்கிறது?"

சபாபதி முக்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "எப்பலேருந்து இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டார்.

"எல்லாக் கத்திரியிலும் செய்கிறேன். இந்தக் கட்டடத்தில் இவற்றை நினைக்க வேறு யார் இருக்கிறார்கள்?" என்றேன்.

"எல்லாக் கத்திரியிலுமா?"

இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லாக் கத்திரியிலுமா, எல்லாக் கத்திரியிலுமா என்று. ஏதோ நான் பாட்டிலில் விஷத்தைக் கலந்ததுபோல. கைவசம் எடுத்துவைத்திருந்த பழைய கோடைகளின் பாட்டில்களையெல்லாம் தட்டில் போட்டுச் சோதித்தார்கள். அது முடியும்வரை அந்த மனிதர் கேன்டீனில் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார். கடைசியில் எல்லாம் சுத்தம் என்று வந்தது. ஒன்றுகூடப் பழுதில்லை! அப்படியானால் நான் செய்த குற்றம் என்ன? சொல்லுங்கள். அதற்கும் முந்திய கோடைகளின் பாட்டில்கள் இப்போது இல்லை. அவை எந்த ஊர் மருத்துவமனைக்குப் போயின என்று யாருக்குத் தெரியும்? இல்லாததைப் பற்றி எதற்குப் பேச்சு?

சபாபதி திட்டியதுகூட எனக்குப் பெரிதில்லை. ஜெசிந்தா குறுக்கே வந்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"சார், அவரைத் திட்டாதீங்க. அதுங்க கஷ்டப்படுதுன்னு இந்தக் கட்டடத்துல பார்த்த ஒரே ஆள் அவருதான். நான் சொல்ல வந்ததை அவரு என்னிக்கோ செஞ்சிட்டாரு."

எவ்வளவு பெரிய சூழ்ச்சி! என்னைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டு என் வாயாலேயே என் முயல் வீட்டுக்குப் பூட்டுப் போடப் பார்க்கிறார். "நான் எப்போது கஷ்டம் என்றேன்? வெயில் என்றுதானே சொன்னேன்!" என்று அங்கேயே மறுத்தேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

கேன்டீனில் அதற்குப் பிறகு தலைநிமிர முடியவில்லை. "முயல் ஐயா, உங்க ரத்தமே உங்களைப் போட்டுக் குடுத்திடுச்சாமே!" என்று ஒருவன் தட்டை வைத்துக்கொண்டே கேட்டான். தட்டில் இருந்த இரத்தத்தில் என்னுடையதும் கலந்திருந்தது அல்லவா, அதைச் சொல்கிறான். நான் விடுவேனா? "அட மூடனே, என் இரத்தம் இருந்ததால்தான் அந்தத் தட்டே வேலை செய்தது" என்றேன். அதுதான் உண்மையும்கூட.

சரி. முயல் வீட்டை மூடுவதென்று ஆயிற்று. முயல்களை நல்ல வீடுகளுக்குக் கொடுப்பதென்று ஆயிற்று. துரைசானியை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். கொல்லையில் கூண்டு கட்டிவிட்டேன், மருமகளிடமும் சொல்லிவிட்டேன். ஜெசிந்தா ஒரு நிபந்தனை போட்டார்.

"ஐயா, நீங்க தரையில உக்காருங்க. நான் கூண்டைத் திறந்து விடறேன். அதுவா உங்ககிட்ட வந்தா நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

இதோ, நீங்கள் கால் வைத்திருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பாக இருந்தது. கூண்டைத் திறந்தார். துரைசானி வெளியே வந்தாள். நான் "வா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பின்னங்காலால் தரையை ஓங்கி ஓர் அடி அடித்து, நேரே ஓடி அந்தத் தீவனச் சாக்குக்குப் பின்னால் புகுந்துகொண்டாள். எவ்வளவு நேரம் கூப்பிட்டும் வரவில்லை.

தரை வழுக்கல். அன்றுதான் பினாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள். அந்த நாற்றத்தில் எந்த முயல் வரும்? மேலும் அவளுக்கு நடந்து வந்து பழக்கமில்லை. நான்தானே தூக்கிக்கொண்டு போவேன்? இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஜெசிந்தா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க ஐயா" என்றார். தோற்கடித்தவர் மன்னிப்புக் கேட்பதைவிடப் பெரிய அவமானம் உண்டா? மறுநாளே உங்கள் பெயரை எழுதிவிட்டார்கள்.

இதோ, துரைசானி. பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கத் தெரியுமா உங்களுக்கு? காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். அது கசாப்புக் கடைக்காரன் வேலை. ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பின்புறத்துக்குக் கீழே. அப்படித்தான். மடியில் வையுங்கள். கையை முதுகின்மேல் வையுங்கள்.

என்ன சொன்னீர்கள்? "என்னை அதுக்குப் பிடிச்சுப்போச்சு, எப்படி அமைதியா இருக்கு பாருங்க" என்கிறீர்களா?

பல்லைக் காட்டாதீர்கள். உங்களை அவள் பார்த்து எத்தனை நேரம் ஆகிறது? அதற்குள் பிரியம் வந்துவிடுமா? அது பிரியம் இல்லை, பயம். புதிய கை, புதிய வாசனை. முயல் பயந்தால் இப்படித்தான் கல்லாகிவிடும். கண் வட்டமாக நிற்கிறது பாருங்கள். மூக்கு ஆடவில்லை பாருங்கள். மார்பில் கைவைத்துப் பாருங்கள், எப்படி அடிக்கிறது! உரலில் இடிப்பதுபோல் இல்லையா? படித்தவர்தானே, இதுகூடத் தெரியாதா? பாவம், அவளை என்னிடம் கொடுங்கள். கொடுங்கள் இப்படி.

இப்போது பாருங்கள். இதுதான் அவளுக்குப் பழகிய மடி. எப்படி அடங்கி இருக்கிறாள்! இதுதான் பாசம். வித்தியாசம் தெரிகிறதா? அருகில் வாருங்கள், மார்பில் கைவைத்துப் பாருங்கள். நன்றாக வைத்துப் பாருங்கள்.

ஏன் கையை எடுத்துவிட்டீர்கள்?

ஏன் பேசாமல் நிற்கிறீர்கள்? நான் இவளை இப்படியே என் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். டாக்டர் அம்மாளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், உங்களுக்கு இவள் வேண்டாமென்று. ஆட்சேபணை ஏதும் இருந்தால் இப்போதே வாய்திறந்து சொல்லிவிடுங்கள். பேசாமல் இருந்தால் நான் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.